தோட்டத்துக்குக் குடிவந்த பழைய கற்கள்

இங்கிலாந்தின் கிராமப்புற வீடுகளின் வாசலைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். வாசற்படிக்கு இருபுறமும் பூச்செடி வைத்த மண் குழல்கள் இருக்கும். பாதையோரம் காளான் வடிவில் கற்கள் நிற்கும். ஒரு மூலையில் கல் தொட்டி, அதில் சின்னஞ்சிறு மலைச்செடிகள். புல்வெளி நடுவே ஒரு தூண், அதன் தலையில் பறவைகள் குளிக்க ஒரு தட்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இவற்றில் பல தோட்டத்துக்காகச் செய்யப்பட்டவையே அல்ல! வேறு எங்கோ வேறு வேலை பார்த்துவிட்டு, அந்த வேலை போன பிறகு தோட்டத்துக்குக் குடிவந்தவை.

பழைய பொருளை வாங்கி வாசலில் வைப்பது வெறும் சிக்கனமா, அழகுணர்ச்சியா? அல்லது அந்தப் பொருள் இருந்த இடத்தைக் காலி செய்யும் வேலையா? இந்தக் கேள்வி இங்கிலாந்தில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதற்கு முன் இந்தப் பொருட்களின் கதையைப் பார்ப்போம்.

வேலை போன பொருட்கள்

முதலில் காளான் கல். இதற்கு ஸ்டாடில் கல் என்று பெயர். கீழே கூம்பு போன்ற ஒரு கல், அதன் மேல் குடை போல ஒரு வட்டக் கல். அந்தக் காலத்தில் தானியக் களஞ்சியங்களையும் வைக்கோல் போர்களையும் இந்தக் கற்களின் மேல்தான் நிறுத்தினார்கள். தரையின் ஈரம் மேலே ஏறாது. எலி கூம்பின் மேல் ஏறினாலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குடைக் கல்லைத் தாண்ட முடியாது. எளிமையான, ஆனால் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. 20ஆம் நூற்றாண்டில் அறுவடை இயந்திரங்கள் வந்தன. வயலிலேயே தானியம் பிரிந்துவிட்டதால் போர் போட்டு வைக்க வேண்டிய தேவை குறைந்தது. எலியைத் தடுத்த கல் வாசலுக்கு அலங்காரமாக வந்தது.

அடுத்தது கல் தொட்டி. பன்றிக்குத் தீனி வைத்த தொட்டியும், சமையலறையில் பாத்திரம் கழுவிய தொட்டியும் ஒரு காலத்தில் கல்லில் குடைந்தவை. பளபளப்பான பீங்கான் தொட்டிகள் வந்தபோது இவை கொல்லைப்புறத்துக்குத் தள்ளப்பட்டன. ஸ்டீவனேஜ் என்ற ஊரில் நாற்றுப் பண்ணை நடத்திய கிளாரன்ஸ் எலியட் என்பவர் 1920களில் இந்தத் தொட்டிகளில் மலைச்செடிகளை வளர்த்துக் கண்காட்சிகளில் வைத்தார். நீர் வடிய ஒரு துளை ஏற்கெனவே இருக்கிறது, ஆழம் குறைவு, கல் என்பதால் வேரும் சூடாகாது. மலைச்செடிக்கு வேறென்ன வேண்டும்? தூக்கி எறிந்த தொட்டிக்கு அதன் பிறகு கிராக்கி வந்துவிட்டது.

மூன்றாவது, வாசலில் இருக்கும் மண் குழல். அது வீட்டுக் கூரையில் புகைபோக்கியின் உச்சியில் இருந்தது. 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாட்கள் மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானவர்களின் உயிரைக் குடித்தது. அதன் விளைவாக 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1960களின் பிற்பகுதியிலிருந்து வட கடல் எரிவாயு வீடுகளுக்கு வரத் தொடங்கியது. நிலக்கரி அடுப்பு போனது, புகைபோக்கிக்கும் வேலை இல்லாமல் போனது. மழையையும் பனியையும் தாங்கும்படி சுட்ட மண் அது, அடியும் திறந்திருக்கிறது. பூந்தொட்டியாக மாற அதற்கு எந்தத் தடையும் இல்லை!

பாலத்திலிருந்து பறவைத் தொட்டி

லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் ஜான் ரென்னி வடிவமைத்த வாட்டர்லூ பாலம் 1817 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் அது. நாளடைவில் ஆற்று நீரோட்டம் பாலத்தின் அடித்தளத்தை அரித்தது. காப்பாற்ற வேண்டும் என்று பலர் குரல் கொடுத்தும், 1930களில் பாலம் இடிக்கப்பட்டது. கைப்பிடிச் சுவரில் வரிசையாக நின்ற கிரானைட் குட்டைத் தூண்கள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர்கள் அவற்றைத் தோட்டத்தில் நட்டு, மேலே சூரியக் கடிகாரமோ பறவைகளுக்கான தண்ணீர்த் தட்டோ வைத்தார்கள். லண்டன்வாசிகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்துபோன பாலத்தின் ஒரு துண்டில் இன்று குருவி குளிக்கிறது.

இதுவரை சொன்ன கதைகளில் யாருக்கும் நஷ்டம் இல்லை. பயன் முடிந்த பொருளுக்குப் புது வாழ்வு கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் கதையின் மறுபக்கம் வேறு மாதிரி.

மாளிகைகளின் ஏலம்

பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஸ்டோ மாளிகையின் தோட்டம் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. இரண்டாம் பக்கிங்ஹாம் பிரபு கடனில் மூழ்கியதால் 1848ல் மாளிகையின் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. அந்த ஏலம் 40 நாட்கள் நடந்தது. 1921ல் மீண்டும் விற்பனை. தோட்டத்துச் சிலைகளும் அலங்காரச் சாடிகளும் திசைக்கொன்றாகப் போயின. பிற்பாடு தேசிய அறக்கட்டளை தோட்டத்தைப் பொறுப்பேற்றுச் சீர்செய்தபோது, போன சிலைகள் பலவற்றுக்கு நகல் செய்துதான் வைக்க வேண்டியிருந்தது.

ஸ்டோ தப்பித்தது. தப்பிக்காதவை ஏராளம். வாரிசு வரி, இரண்டு உலகப் போர்கள், வேலையாட்கள் பற்றாக்குறை என்று பல காரணங்களால் கிராமப்புற மாளிகைகள் வரிசையாக இடிக்கப்பட்டன. 1974ல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இதற்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது. அழிந்துபோன 1,000க்கும் மேற்பட்ட மாளிகைகளைப் பற்றி அது பேசியது. பழைய கட்டடப் பொருள் வியாபாரம் வளர்ந்ததற்கு இந்த இடிபாடுகளும் ஒரு காரணம். இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து எடுத்தால் அது காப்பாற்றுதல். ஆனால் நல்ல விலை கிடைக்கிறது என்று தெரிந்ததும், நன்றாக இருக்கும் வீட்டின் பொருளும் பெயர்ந்து போகத் தொடங்கியது. திருட்டும் பெருகியது. திருட்டுப் பொருள் என்ற சந்தேகம் இருந்தால் வாங்குவதில்லை என்று வியாபாரிகளில் ஒரு பகுதியினர் தங்களுக்கென ஒரு நெறிமுறையே வகுத்துக்கொண்டார்கள்.

தெரியாமல் தொட்டியானவை

சில பொருட்களின் மதிப்பு வைத்திருந்தவர்களுக்கே தெரியாது. குளோஸ்டர்ஷயரில் டீர்ஹர்ஸ்ட் என்ற ஊரின் பழைய தேவாலயத்தில் ஒரு ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் அதன் மேல் சுருள் சுருளாக வேலைப்பாடு. 19ஆம் நூற்றாண்டில் அதன் மேல்பகுதி ஒரு பண்ணையில் சாதாரணத் தொட்டியாகக் கிடந்தது. அதைத் தாங்கும் கல்லோ வேறொரு தோட்டத்தில் இருந்தது. சுருள் வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் இரண்டும் ஒன்று சேர்க்கப்பட்டன.

இன்னும் வியப்பான கதை பிளெனிம் மாளிகையில் நடந்தது. வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்த இடம் அது. அங்கே பாறைத் தோட்டத்தில் பூச்செடி வைத்திருந்த ஒரு பளிங்குத் தொட்டியை 2016ல் ஒரு பழம்பொருள் நிபுணர் தற்செயலாகக் கவனித்தார். ஆராய்ந்தபோது, அது கி.பி. 300 வாக்கில் செய்யப்பட்ட ரோமானியக் கல் சவப்பெட்டியின் முகப்பு என்று தெரிந்தது! மதுக்கடவுள் டயோனிசஸ் நண்பர்களோடு கொண்டாடும் காட்சி அதில் செதுக்கப்பட்டிருந்தது. அதற்கு முன் அது ஊற்றுநீர்த் தொட்டியோடும் இணைந்திருந்திருக்கிறது. பல மாதங்கள் சுத்தம் செய்து மாளிகைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். பிரபுக்களின் வீட்டிலேயே இப்படி என்றால், மற்ற இடங்களில் எத்தனை இருக்குமோ!

சாடி ஒரு கட்டடமா?

இப்போது நீதிமன்றத்துக்கு வருவோம். வார்விக்ஷயரில் இட்லிகோட் என்ற மாளிகை. அதன் தோட்டத்தில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட இரண்டு ஈயச் சாடிகள், கல் பீடங்களின் மேல் நின்றன. அவை அந்த மாளிகைக்காகச் செய்தவை அல்ல. பெட்ஃபர்ட்ஷயரின் ரெஸ்ட் பார்க் தோட்டத்தில் தொடங்கி, வேறு சில தோட்டங்களிலும் இருந்துவிட்டு, 1973ல்தான் இங்கே வந்தன. 1986ல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அவை தனியாகவே சேர்க்கப்பட்டன. 2009ல் உரிமையாளர் அவற்றை ஏலத்தில் 55,000 பவுண்டுக்கு விற்றார். அவை நாட்டைவிட்டே போய்விட்டன. பிறகு விஷயம் தெரிந்த உள்ளாட்சி நிர்வாகம், சாடிகளை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்கும்படி 2016ல் உத்தரவிட்டது.

உரிமையாளரின் வாதம் எளிமையானது: சாடி என்ன கட்டடமா? நாற்காலியை விற்பதுபோலத்தானே இதையும் விற்றேன்? பட்டியலில் இருப்பதாலேயே அது கட்டடம்தான், அதைக் கேள்வி கேட்க முடியாது என்றது எதிர்த்தரப்பு. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. பொருளின் அளவு என்ன, நிரந்தரமாக இருப்பதற்காக வைக்கப்பட்டதா, தரையோடு எந்த அளவு பிணைந்திருக்கிறது ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் அது கட்டடமா என்று முடிவு செய்ய வேண்டும் என்று கூறி, வழக்கை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான்கைந்து தோட்டம் மாறி வந்த சாடி, இன்னொரு தோட்டத்துக்குப் போனால் என்ன என்று கேட்கலாம். போகிறவையெல்லாம் போகட்டும் என்று விட்டால் ஸ்டோவில் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும் என்றும் சொல்லலாம்.

நம் பக்கத்தில்

இந்தக் கேள்வி இங்கிலாந்தோடு நிற்பதில்லை. கிரைண்டர் வந்த பிறகு நம் ஊர்களிலும் ஆட்டுக்கல் வாசலுக்கு வந்துவிட்டது. அதன் குழியில் தண்ணீர் ஊற்றினால் மைனாவும் தவிட்டுக்குருவியும் வரும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை, ஸ்டாடில் கல்லைப் போல. ஆனால் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து எடுத்த தூண்களும் கதவுகளும் உருளிகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வரும்போது, விஷயம் ஸ்டோ மாளிகையின் ஏலத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனால் உள்ளூரிலேயே ஒரு வீடு துண்டு துண்டாக விலை போவதை அந்தத் தடை நிறுத்துவதில்லை.

பழைய பொருளை வாங்குவது தவறில்லை. அது எங்கிருந்து வந்தது, அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. பதில் திருப்தியாக இல்லையென்றால், இங்கிலாந்துத் தோட்டக்காரர்களிடம் ஒரு மாற்று வழி இருக்கிறது. உண்மையான கல் தொட்டிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சிமெண்ட், மணல், பீட் என்ற மக்கிய பாசி மண் மூன்றையும் கலந்து வார்த்துத் தாங்களே தொட்டி செய்துகொண்டார்கள். வெளியே கொஞ்சம் தயிர் பூசி நிழலில் வைத்தால் பாசி பிடித்து நூறு வருடத் தொட்டி போலவே ஆகிவிடும் என்பார்கள். அதில் குளிக்க வரும் குருவிக்கு இரண்டும் ஒன்றுதான்.