தொடையெலும்பின் கழுத்து

முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து எழ இயலாமற் கிடந்தால், ‘இடுப்பெலும்பு முறிந்துவிட்டது’ என்பது நம்மவர் வழக்கு. பெரும்பாலும் முறிவது இடுப்பெலும்பன்று, தொடையெலும்பின் மேல்முனையே. உடலில் யாவற்றினும் நீளமான அவ்வெலும்பு, மேலே ஏறத்தாழ 125 பாகையில் உள்நோக்கிச் சாய்ந்து கழுத்தாகிறது. பின் பந்து போன்ற தலையாகி, இடுப்பெலும்பின் கிண்ணத்துள் அமர்கிறது. தலையையும் கழுத்தின் பெரும்பகுதியையும் வலிய நார்களாலான மூட்டுறை போர்த்தியிருக்கிறது.

கை முறிந்தால் கூடுகிறது. கால் முறிந்தாலும் கூடுகிறது. இக்கழுத்து மட்டும் கூடாமற் போவதேன்? இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822இல் வெளியிட்ட நூலில் இவ்வினாவுக்கு விடை தந்தார். தலைக்குக் குருதி கொணரும் நுண்குழாய்களுட் பெரும்பாலானவை மூட்டுறைக்குள், கழுத்தையொட்டியே ஏறிச் செல்கின்றன. கழுத்து முறிந்தால் அவையும் அறும். குருதியற்ற எலும்பு எங்ஙனம் கூடும்? எனவே உறைக்கு உள்ளே நேர்ந்த முறிவு வேறு, வெளியே நேர்ந்தது வேறு என அவர் பிரித்துரைத்தார். ஊடுகதிர் கண்டறியப்பெற்றது 1895இல்தான்; கூப்பர் காலத்தில் இறந்தோர் உடலை அறுத்துப் பார்ப்பதொன்றே வழி. அவ்வுடல்களோ கல்லறைகளிலிருந்து திருடி விற்கப்பட்டவை. கூப்பரும் அவற்றை வாங்கியவரே. 1832ஆம் ஆண்டுச் சட்டம் திருட்டை ஒழித்தது உண்மை. ஆனால் உரிமை கோருவாரற்ற ஏழையரின் உடல்களையே அதற்கீடாய் அறுவை மேசைக்கு அளித்தது. இம்மருத்துவ அறிவின் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது.

கழுத்தின் உட்புறம் மற்றொரு வியப்பு. நெடுக்காக அறுத்தால் மெல்லிய எலும்பிழைகள் வில்போல் வளைந்து ஒன்றையொன்று குறுக்கிடக் காணலாம். வார்டு என்னும் ஆங்கிலேயர் 1838இல் இவ்வமைப்பைத் தெருவிளக்கைத் தாங்கும் கைக்கு ஒப்பிட்டார். 1866இல் சூரிச் நகரில் உடற்கூற்றறிஞர் மேயர் காட்டிய இவ்விழைகளைக் கண்ட பொறியியற் பேராசிரியர் குல்மன் திகைத்தார். பாரந்தூக்கியின் வளைந்த கையில் விசைகள் செல்லும் வழியென அவர் தம் மாணவர்க்கு வரைந்து காட்டிய கோடுகள் போலவே அவை இருந்தன!

துறைமுகப் பாரந்தூக்கிகளைக் கண்டு பழகிய நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். எனினும் அது முழுமையானதன்று என்பதே என் கருத்து. பாரந்தூக்கிக்குத் தசையில்லை. நாம் ஒற்றைக்காலில் நிற்கும்போது, உடல் சாயாதபடி இடுப்பின் பக்கத்தசைகள் இறுக இழுக்கின்றன. அவ்விழுப்பும் சேர்வதால், மூட்டின்மேல் அழுந்தும் பாரம் உடலெடையைப்போல் இரு மடங்கையும் கடந்துவிடுகிறது. சுற்றியுள்ளவற்றை நீக்கி எலும்பை மட்டும் எடைபோட்டால் கணக்குப் பிழைக்கும்.

முதுமையில் இவ்விழைகள் ஒவ்வொன்றாய் மெலிந்து மறைகின்றன. எவை முதலில் மறையும், எவை இறுதிவரை நிற்கும் என்பதை ஊடுகதிர்ப் படத்திற் கண்டு, எலும்பின் நலிவை ஆறு படிகளாக அளக்கும் முறையை இந்தியரான சிங்கும் அவர்தம் துணைவரும் 1970இல் வெளியிட்டனர்.

முறிந்தபின் செய்வதென்ன? பாஸ்டன் நகரத்து ஸ்மித் பீட்டர்சன் 1925 முதல் மூவிளிம்பு ஆணியால் கழுத்தைப் பிணைத்தார். தலை பிழைக்காதெனில் அதை நீக்கி உலோகத் தலை பொருத்துவர். கூப்பர் காலத்தில் படுக்கையிலேயே எஞ்சிய நாளைக் கழித்திருக்கக்கூடிய முதியவரை, இன்று அறுவை முடிந்த மறுநாளே எழுந்து நிற்கச் சொல்கின்றனர்.