மறுப்புரையும் திரையுரையும்

ஒருவர் வேண்டியதற்கு உடன்படுதல் எளிது, மறுத்தல் அரிது. மறுக்குங்கால் கேட்டவர் மனம் நோவாமையும், மறுப்பவர் கருத்துச் சிதையாமையும் ஒருங்கே பேணப்படல் வேண்டும். இவ்விரண்டனையும் தமிழ் வழக்கு எவ்வாறு பேணியது என்பதையும், திரைப்பட உரையாடல் அவ்வழக்கினை எவ்வாறு கையாண்டது என்பதையும் யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

விடைவகைகளை வரையறுத்த நூல்களுள் பெரிதும் பயிலப்படுவது, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகக் கருதப்பெறும் பவணந்தியாரின் நன்னூல். அஃது எண்வகை விடை கூறும். அவற்றுள் 'செய்யேன்' என நேரே கூறுவது மறை. ஏனையவற்றுள் நான்கு, மறுப்பென்று தோன்றாமலே மறுப்பன. 'இது செய்வாயா?' என்றார்க்கு, 'நீயே செய்' என்பது ஏவல். 'உடம்பு நொந்தது' என்பது உற்றது உரைத்தல். 'உடம்பு நோகும்' என்பது உறுவது கூறல். 'மற்றொன்று செய்வேன்' என்பது இனமொழி. நன்னூலார் இவற்றைப் பணிவு நோக்கி வகுத்திலர். பொருள் நோக்கியே வகுத்தார். எனினும், பணிவின் இலக்கணம் இவற்றுள் அடங்கிக் கிடத்தல் வெளிப்படை.

தேனி மாவட்டம் பெரியகுளம் வட்டத்தில், கொடைக்கானல் மலையடிவாரத்தே அமைந்த கெங்குவார்பட்டியில் இவ்வழக்கு இன்றும் உயிருடன் உலவுகின்றது. பெண் கேட்டு வந்தாரிடம் 'பிடிக்கவில்லை' என்பாரில்லை; 'பிள்ளை இன்னும் படிக்குதுங்க' என்பர். கைம்மாற்றுக் கேட்ட மைத்துனரிடம் 'தர மாட்டேன்' என்பாரில்லை. 'வெள்ளாமை வீடு வரட்டும் மாப்ளே, பாத்துக்கிருவோம்' என்பர். முன்னது உற்றது உரைத்தல். பின்னது காலத்தின்மேல் ஏற்றிய மறுப்பு. ஆயின் 'நாளைக்கு வேலைக்கு வாரியாடா?' என்ற நிலக்கிழாருக்குக் கூலியாள், 'உடம்புக்கு முடியலைங்கய்யா' எனும்போது, வடிவம் அதுவேயாயினும் நிலைமை வேறு. ஒத்தாரிடையே அது நயம், ஒவ்வாரிடையே அச்சம். இவ்வேறுபாடே நம் ஆய்வின் திறவுகோல்.

இனித் திரையுரையைக் காண்போம். 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யில் மு. கருணாநிதி எழுதிய வழக்குமன்ற உரையாடலில், குற்றம் சாட்டப்பெற்ற குணசேகரன் தன் செயல்களை மறைத்திலன். செய்ததை ஒப்புகின்றான், செய்ததன் நோக்கம் குற்றமென்பதை மட்டும் மறுக்கின்றான். உடன்பாட்டினை முன்வைத்து மறுப்பினைப் பின்வைக்கும் இம்முறை, மன்றத்தின் மதிப்பையும் காத்து மறுப்பையும் கூர்மையாக்கிற்று.

1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' பிறிதொரு நெறியைக் காட்டும். ஜாக்சன் துரை வரி கேட்க, சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடலில் கட்டபொம்மன் வினாக்களையே விடையாக அடுக்குகின்றான். 'செய்யேனோ?' என வினா எதிர் வினாதலை உரையாளர் உடன்பாட்டுப் பொருளிற் காட்டினர். திரையுரையோ அதனை மறுப்பின் பொருட்டு ஆண்டது. இங்குப் பணிவு வேண்டப்படவில்லை. வரி கேட்பவனின் உரிமையே மறுக்கப்படுகின்றமையின் என்க.

1965இல் வெளிவந்த ஏ. பி. நாகராசனின் 'திருவிளையாடல்', எதிர்நிற்பவர் இறைவன் என்றறிந்த பின்னரும் பாட்டின் குற்றத்தைக் குற்றமென்றே கூறும் நக்கீரரைக் காட்டிற்று. ஆளைப் போற்றுதல் வேறு, கருத்தை ஏற்றல் வேறு என்னும் புலமை மரபு அக்காட்சியால் பொதுமக்களையும் எட்டியது.

இம்மூவரும் சொல்வன்மை உடையார், மேடை பெற்றார். சொல்லுரிமையே இல்லார் எங்ஙனம் மறுப்பர்? இவ்வினாவிற்கு விடை, தேனி அல்லிநகரத்திற் பிறந்த பாரதிராஜா இயக்கி, கலைமணி உரையாடல் எழுதிய '16 வயதினிலே' (1977) படத்திற் கிடைக்கின்றது. கோபாலகிருஷ்ணன் என்னும் பெயருடையானை ஊர் 'சப்பாணி' என்றே அழைக்கின்றது. ஊரார் ஏவியதெல்லாம் செய்வது அவன் வாழ்வு. அப்பெயரால் அழைப்பாரை அறையுமாறு மயில் அவனுக்குக் கற்பிக்கின்றாள். அவனும் அவ்வாறே செய்கின்றான். மறையும் இல்லை, இனமொழியும் இல்லை. சொல் மறுக்கப்பட்டவனிடத்துக் கையே விடையாயிற்று. அவன் மறுப்பது ஒரு பணியை அன்று. தன்மேல் ஏற்றிய பெயரை.

இவற்றான் யாம் பெறும் முடிபு இது: மறுப்புரையின் வடிவத்தை மட்டும் கொண்டு அதனைப் பணிவென்றோ பண்பென்றோ துணிதல் பொருந்தாது. 'முடியலைங்கய்யா' என்னும் தொடர் நயமாவதும் அடக்கப்பட்ட கதறலாவதும், சொல்வார் யார், கேட்பார் யார் என்பதைப் பொறுத்தது. 1950களின் அடுக்குமொழியைச் செயற்கையென்று ஒதுக்குவோரும், பின்வந்த சிற்றூர்ப் பேச்சினை இயல்பென்று போற்றுவோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. நேரே 'மாட்டேன்' என்று சொல்ல வாய்ப்பில்லாத மக்கள், ஒருவன் அதனை உரக்கச் சொல்லக் கேட்டுக் கொட்டகையில் கைதட்டினர். அக்கைதட்டலும் ஒரு விடையே. எண்வகையுள் அடங்காத ஒன்பதாம் விடை எனலாம். திரையுரையை ஆராயப் புகும் மாணவர், சொல்லோடு சொல்வார் நிலையையும் குறித்துக்கொள்வாராக.