நாணயத் தேய்மான மதிப்பீடு

நாணயத் தேய்மான மதிப்பீடு என்பது ஒரு நாணயம் அச்சிடப்பட்ட நிலையிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றது என்பதைக் கண்ணாலும் எடையாலும் அறிந்து, அதற்கு ஒரு தரநிலை வழங்கும் முறையாகும். சேகரிப்பாளர்கள் விலையைத் தீர்மானிக்கவும், நாணயவியலாளர்கள் காலத்தைக் கணிக்கவும் இதனைப் பயன்படுத்துகின்றனர். தமிழ்நாட்டில் தேய்மானத்தைப் படிக்கும் கலை வரலாற்று ஆய்வுடன் நேரடியாகச் சந்தித்த இடம், தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரில் கிடைத்த வெள்ளி முத்திரை நாணயக் குவியலாகும்.

போடிநாயக்கனூர்க் குவியல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டி அமைந்த போடிநாயக்கனூர், 1996 இல் தேனி மாவட்டம் உருவாக்கப்படும் வரை மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகையால் பழைய நூல்களில் இக்குவியல் மதுரை மாவட்டத்துக்குரியதாகவே குறிக்கப்பட்டிருக்கும். ஆயிரத்திற்கும் மேற்பட்ட வெள்ளி நாணயங்களைக் கொண்ட இதன் சிறப்பு, அவை ஒரே வகையைச் சார்ந்தவை என்பதாகும். பின்புறத்தில் காணப்படும் கோட்டுருவம் மீனைக் குறிப்பதாகக் கொள்ளப்பட்டு, இவை பாண்டியர் வெளியீடுகள் எனக் கருதப்படுகின்றன.

ஆண்டிப்பட்டி ஈய நாணயங்கள் எனப்படும் மற்றொரு புதையலும் சங்ககால ஆய்வுகளில் அடிக்கடிப் பேசப்படுகின்றது. அது திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியிலுள்ள ஆண்டிப்பட்டியில் கிடைத்தது. தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முத்திரை நாணயங்கள் இன்றைய நாணயங்களைப் போல ஒரே அடியில் அச்சிடப்பட்டவை அல்ல. வெள்ளித் தகட்டைத் துண்டுகளாக வெட்டி, எடை மிகுந்தால் மூலையை நறுக்கிச் சரிசெய்து, பின்னர் சின்னங்களை ஒவ்வொன்றாகக் குத்தினர். எனவே நறுக்கப்பட்ட மூலையும், விளிம்பில் பாதி விழுந்த சின்னமும் குறைகளாகா. அவை செய்முறையின் அடையாளங்களே. புதிதாகக் கற்பவர் முதலில் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கோசாம்பியின் எடை முறை

கணிதவியலாளரும் வரலாற்றாய்வாளருமான தா. த. கோசாம்பி (1907–1966), 1940 முதல் முத்திரை நாணயங்களின் எடையைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார். அவருடைய அடிப்படைக் கருத்து எளிமையானது. நாணயம் கைமாறும் ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவு உலோகத்தை இழக்கின்றது. ஒரு தனி நாணயத்தின் எடை எதையும் உறுதியாகச் சொல்லாது. ஆனால் நூற்றுக்கணக்கான நாணயங்களின் சராசரி எடை, அவை எவ்வளவு காலம் புழங்கின என்பதைக் காட்டும். புழக்கம் நீள நீளச் சராசரி குறைவதோடு, நாணயங்களுக்கிடையிலான எடை வேறுபாடும் பெருகும். இதனைச் சோதிக்க அவர் தம் காலத்தில் புழங்கிய நாணயங்களையும் நிறுத்துப் பார்த்தார்.

தட்சசீலத்தில் 1924 இல் கிடைத்த குவியல் இம்முறைக்கு உரைகல்லாக அமைந்தது. முத்திரை நாணயங்களுடன், அலெக்சாந்தரும் அவருக்குப் பின் வந்த பிலிப்பு அரிதேயசும் வெளியிட்ட தேயாத நாணயங்கள் அதில் இருந்ததால், குவியல் புதைக்கப்பட்ட காலத்தை ஏறத்தாழ வரையறுக்க முடிந்தது. பின்புறத்தில் குத்தப்பட்ட சிறு சோதனைக் குறிகள் கூடக்கூட நாணயத்தின் சராசரி எடை குறைந்து செல்வதைக் கோசாம்பி கண்டார். எனவே அக்குறிகளின் எண்ணிக்கை, நாணயம் புழங்கிய காலத்தின் அளவாகவும் அமைந்தது. 1950களின் தொடக்கத்தில், முத்திரை நாணயங்களின் கால வரிசை பற்றிய தம் கட்டுரைத் தொடரின் இரண்டாம் பகுதிக்கு அவர் எடுத்துக்கொண்டது போடிநாயக்கனூர்க் குவியலையே.

மண்ணில் கிடந்த வெள்ளியில் கலந்துள்ள செம்பு அரித்து வெளியேறுவதாலும் எடை குறையும். அமிலம் கொண்டு துலக்கினால் மேலும் குறையும். அவ்வாறு துலக்கப்பட்ட நாணயத்தின் எடை, புழக்கத்தைப் பற்றி எதையும் கூறும் தகுதியை இழந்துவிடுகின்றது. பளபளப்புக்காகச் செய்யப்படும் துலக்கல், விலையோடு சான்றையும் சேர்த்து அழிக்கின்றது.

கண்ணால் தரம் அறிதல்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே காயின் பருமனைச் சல்லடை பிரித்துவிடும். நாணயத்திற்கு அத்தகைய சல்லடை இல்லை. ஒரே வகை நாணயங்கள் பலவற்றை அருகருகே வைத்துப் பார்த்துப் பழகுவதே கற்கும் வழியாகும். ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி போதுமானது.

பயிற்சிக்கு ஏற்றது ஐந்தாம் சார்ச்சு மன்னரின் வெள்ளி ரூபாய். தேய்மானம் எப்போதும் மிக உயர்ந்த புள்ளிகளில்தான் தொடங்கும். இந்நாணயத்தில் மன்னரின் மீசை, காதை ஒட்டிய முடி, முடியின் மணிகள், அங்கியிலுள்ள சிறிய யானை உருவம் ஆகியவற்றை முதலில் நோக்க வேண்டும். பின்புறத்தில் தாமரை முதலிய மலர்களின் இதழ் நரம்புகளைக் காண வேண்டும். (1911 ஆம் ஆண்டு ரூபாயில் இந்த யானை பன்றியைப் போலத் தோன்றியதாக எதிர்ப்பு எழுந்து, அந்நாணயம் திரும்பப் பெறப்பட்டது. அதனால் அதற்குப் 'பன்றி ரூபாய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.)

எடையும் உதவும். இந்த ரூபாயின் நிலை எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, ஏறத்தாழ 11.66 கிராம். 1906 ஆம் ஆண்டு இந்திய நாணயச் சட்டம், நிலை எடையில் இரண்டு விழுக்காட்டிற்கு மேல் குறைந்த ரூபாயைச் செல்லுபடியாகும் நாணயமாக ஏற்கவில்லை. அன்று தேய்மானம் சேகரிப்பாளரின் கவலை மட்டுமன்று, சந்தைக்குச் சென்ற ஒவ்வொருவரின் கவலையுமாகும். 1940 முதல் வெள்ளியின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டதால், ஆண்டைப் பார்க்காமல் நிறத்தையோ ஒளியையோ ஒப்பிடுதல் கூடாது.

தேய்மானமும் பிற குறைகளும்

தேய்மானத்தையும் மெலிந்த அச்சையும் பிரித்தறிதலே இக்கலையின் கடினமான பகுதி. அச்சு சரியாக விழாத இடத்தில் உருவம் தெளிவற்றிருந்தாலும், உலோகத்தின் இயல்பான மிளிர்வு நிலைத்திருக்கும். தேய்ந்த இடத்தில் மிளிர்வு மறைந்து, நிறம் மங்கியிருக்கும்.

தமிழக வீடுகளில் கிடைக்கும் வெள்ளி ரூபாய்களில் இரு குறைகள் மிகுதி. ஒன்று, காசுமாலைக்காகப் பற்றவைத்த வளையத்தின் தழும்பு. வளையத்தை நீக்கி அராவியிருந்தாலும் விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் அது தெரியும். மற்றொன்று, பூசையறை நாணயங்களைப் புளியும் திருநீறும் கொண்டு தேய்த்ததால் உண்டான மெல்லிய கீறல்கள். இத்தகைய நாணயம் பார்வைக்குப் புதிதாக இருப்பினும் உயர்ந்த தரநிலை பெறாது.

வேண்டுமென்றே செய்த சிதைப்பு வேறு வகை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898 இல் கிடைத்த 501 உரோமப் பொன் நாணயங்களுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு உள்ளது. அது தேய்மானமாகக் கணக்கிடப்படுவதில்லை, தனியே குறிக்கப்படும்.

தரநிலை அளவுகோல்

இன்று பரவலாக வழங்கும் 1 முதல் 70 வரையான அளவுகோலை 1949 இல் அமெரிக்கரான வில்லியம் செல்டன், அந்நாட்டின் பழைய செப்புச் சென்ட் நாணயங்களுக்காக வகுத்தார். 60 முதல் 70 வரை புழக்கம் காணாதவை. 40, 45 மிக நன்று, 20 முதல் 35 நன்று எனக் கொள்ளலாம். 4 என்ற நிலையில் உருவத்தின் புறக்கோடே எஞ்சியிருக்கும். செல்டன் அமெரிக்க நாணயவியல் கழகத்தின் உயர்தர நாணயங்களை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தில் தம்முடைய தாழ்ந்த நாணயங்களை வைத்திருந்தார் என்பது அவர் மறைவுக்குப் பின் வெளிப்பட்டது.

இவ்வளவுகோல் பண்டைய தமிழ் நாணயங்களுக்கு நன்கு பொருந்துவதில்லை. தமிழ்ப் பிராமியில் 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த செப்பு நாணயத்தை நாணயவியலாளர் இரா. கிருட்டிணமூர்த்தி வெளிப்படுத்தியபோது, அதன் மதிப்பு எழுத்தில் இருந்ததேயன்றிப் பளபளப்பில் இல்லை.

போலிகளும் சட்டமும்

கிழக்கிந்திய நிறுவனத்தின் பெயரும் 1818 என்ற ஆண்டும் அனுமன் அல்லது இராமர் உருவமும் கொண்ட 'அரை அணா'க்கள் நாணயங்களே அல்ல; பிற்காலக் கற்பனை வில்லைகள். அவற்றுக்குத் தரம் பார்ப்பதில் பயனில்லை. பழைய நாணயங்களைப் பெருந்தொகைக்கு வாங்குவதாகக் கூறி, இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்போரைக் குறித்து அவ்வங்கி 2021 இல் பொதுமக்களை எச்சரித்தது.

நூறாண்டுகளுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972 ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருவதால், தனியார் அவற்றை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய இயலாது. மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி 1878 ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். குவியலாகக் கிடைக்கும் நாணயங்களைக் கழுவாமலும், நல்லவை தேய்ந்தவை எனப் பிரிக்காமலும், கிடைத்த கலத்துடனேயே ஒப்படைத்தால்தான் போடிநாயக்கனூர்க் குவியலைப் போல அவற்றையும் எடைமுறையில் ஆராய இயலும்.