அறுந்த குதிகால் நார்: தைக்கணுமா, விடணுமா?

போன வருஷம் எங்க சனிக்கிழமை ஷட்டில் குரூப்ல ஒரு சம்பவம். நண்பன் ஒருத்தன் நெட் பக்கம் பாய்ஞ்சான். 'டப்'னு ஒரு சத்தம். கீழ உட்கார்ந்துட்டு, "யாருடா பின்னாடி உதைச்சது?"ன்னு கேட்டான். பின்னாடி யாருமே இல்ல.

அறுந்தது அக்கிலிஸ் டெண்டன். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போட இணைக்கிற தடிமனான நார். அன்னைக்கு ராத்திரி ஃபோன்ல அவன் கேட்டது ஒண்ணுதான்: "மச்சான், ஆபரேஷன் பண்ணணுமா, வேணாமா?"

நான் டாக்டர் இல்ல, கோடு எழுதுற ஆள். ஆனா இந்தக் கேள்விக்கு 250 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

1767, லண்டன். ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவருக்கு 39 வயசு. அவருடைய குதிகால் நாரே அறுந்துபோகிறது. அவர் தைக்கச் சொல்லவில்லை. குதிகாலை உயர்த்தி வைத்து, கெண்டைக்கால் சதையைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. நாய்களின் நாரைத் தோலுக்கு அடியிலேயே ஊசியால் அறுத்து, அது எப்படிக் கூடுகிறது என்று வெவ்வேறு நாட்களில் பார்த்தார். தையலே இல்லாமல் நார் ஒட்டியது. கொடூரமான சோதனைதான். ஆனா பதில் கிடைச்சது.

அந்தக் காலத்துல கத்தி வைக்கிறதே ஆபத்து. ஈதர் மயக்க மருந்து வந்தது 1846ல். புண் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை ஜோசப் லிஸ்டர் வெளியிட்டது 1867ல், அதாவது ஹன்டருக்குச் சரியா நூறு வருஷம் கழிச்சு. அதுக்கப்புறம்தான் காலைத் திறந்து தைக்கும் துணிச்சல் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் தையல் பரவியது. தைச்சாலும் சரி, விட்டாலும் சரி, அப்புறம் வாரக்கணக்கில் மாவுக்கட்டு.

அப்போ எது நல்லது? 1981ல் ஸ்வீடனில் நிஸ்டர் என்ற மருத்துவர் 105 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு குழுவுக்குத் தையல், இன்னொரு குழுவுக்கு வெறும் கட்டு. முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. தைக்காமல் விடுவதே மேல் என்றார் அவர்.

2010ல் கனடாவில் இன்னொரு ஆய்வு, 144 பேர். இங்கதான் விஷயம் மாறுது. இரண்டு குழுவுக்கும் கழற்றி மாட்டும் பூட்ஸ் கொடுத்து, இரண்டே வாரத்தில் காலை ஊன்றிப் பழக வைத்தார்கள். மறுபடி அறுந்தது தைத்தவர்களில் 2 பேருக்கு, தைக்காதவர்களில் 3 பேருக்கு. நார் ஒட்டணும்னா ஆடாம அசையாம வெச்சிருக்கணும்னு நம்பினதுதான் தப்பு. அளவான பாரம் ஏறினாத்தான் அது வலுவாகும்.

ஆனா தையல் வீண்னு முடிவு கட்டிடாதீங்க. 2022ல் நார்வே ஆய்வு இன்னும் பெருசு, 526 பேர். ஒரு வருஷம் கழிச்சு நடை, ஓட்டம், வலி எல்லாம் கேட்டு மார்க் போட்டால், தைத்தவர்களும் தைக்காதவர்களும் ஒரே நிலை. ஆனால் மறுபடி அறுந்தது தைக்காதவர்களில் 6.2 சதவீதம், தைத்தவர்களில் 0.6 சதவீதம். இன்னொரு பக்கம், நரம்பு பாதிப்பு: தைக்காதவர்களில் 0.6, காலைத் திறந்து தைத்தவர்களில் 2.8, சின்னத் துளை வழியாகத் தைத்தவர்களில் 5.2 சதவீதம். அதாவது எந்த ரிஸ்க்கை எடுக்கப் போறோம்ங்கிறதுதான் கேள்வி.

கோபி பிரையன்ட் ஞாபகம் இருக்கா? 2013 ஏப்ரல் 12ல் அறுந்தது, மறுநாளே ஆபரேஷன். டிசம்பர் 8ல் மறுபடி களத்தில். எட்டு மாசம்கூட ஆகல. ஆனா ஆறே ஆட்டம்தான், அடுத்து முழங்காலில் எலும்பு முறிவு. திரும்பி வர்றது வேற, பழைய மாதிரி வர்றது வேற.

என் நண்பன், டாக்டரோட உட்கார்ந்து பேசிட்டு, தையலைத்தான் தேர்ந்தெடுத்தான். "இன்னொரு தடவை அறுந்தா தாங்க மாட்டேன்டா"ன்னான். தையல் போட்டது ஒரே நாள். அதுக்கப்புறம் ஒரு வருஷமா, சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டுத் தினமும் குதிகாலைத் தூக்கி இறக்குறான். அந்தக் கால் இன்னும் மத்த கால் அளவுக்கு உயர மாட்டேங்குது. அதுவும் பலருக்கு இயல்புதானாம்.

உங்களுக்கு இப்படி 'டப்'னு கேட்டா, சுளுக்குன்னு எண்ணெய் தடவிக்கிட்டு இருக்காதீங்க. குப்புறப் படுக்க வெச்சு, கெண்டைக்கால் சதையை அழுத்தினா பாதம் அசையணும். அசையலேன்னா, அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.