ஒரு பெயர், இரு குரொம்வெல்கள்



குரொம்வெல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருபவர், முதலாம் சாள்ஸ் மன்னனின் சிரச்சேதத்துக்குக் காரணமாயிருந்த ஒலிவர் குரொம்வெல். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னதாக இன்னொரு குரொம்வெல் இங்கிலாந்தை ஆட்டிப்படைத்தார். எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சராயிருந்த தோமஸ் குரொம்வெல்தான் அவர். ஹிலரி மான்ரெல் எழுதி, 2009இல் புக்கர் பரிசு பெற்ற 'வுல்ஃப் ஹோல்' நாவலின் நாயகர் இவரே. இருவருக்கும் உறவு உண்டா? உண்டு. ஆனால் அது தந்தைவழி உறவன்று.

தோமஸ், இலண்டனை அடுத்த பட்னியில் கொல்லுத் தொழிலும் பியர் வடிப்பும் செய்த ஒருவரின் மகன். கர்தினால் வுல்சியிடம் பணிபுரிந்து, பின்னர் அரசவையில் உயர்ந்தார். 1534இல் மன்னனைத் திருச்சபையின் தலைவனாக்கிய சட்டமும், அதன்பின் துறவிமடங்களின் நிலங்கள் அரசுடைமையானதும் இவர் முன்னின்று நடத்தியவை. 1540 ஏப்ரலில் எசெக்ஸ் பிரபுவானார், ஜூனில் கைதியானார். வழக்கு விசாரணை இல்லை. நாடாளுமன்றச் சட்டமொன்றினாலேயே குற்றவாளியாக்கப்பட்டு, ஜூலை 28ஆம் நாள் தலை வெட்டுண்டார். அன்றைய தினமே மன்னன் கதரின் ஹவார்டை மணந்தான்.

தோமஸின் சகோதரி மணந்தது மோர்கன் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ்காரரை. நம்மவர் தந்தையின் பெயரை முன்னால் வைப்பதுபோல, அக்கால வேல்ஸ் மக்கள் தந்தையின் பெயரைப் பின்னால் வைத்தனர். வில்லியம்ஸ் என்பதும் அவ்வாறு வந்ததே. இவர்களுடைய மகன் ரிச்சட், தாய்மாமனின் ஆதரவில் முன்னேறி, மாமன் பெயரையே தன் பெயராக்கிக் கொண்டான். ராம்சி மடத்தின் நிலங்களும் அவனுக்குக் கிடைத்தன. மாமன் துரோகியெனக் கொல்லப்பட்ட பின்னரும், அந்த ஆபத்தான பெயரை அவன் களையவில்லை. அவனுடைய கொள்ளுப்பேரனே ஒலிவர். பல தலைமுறைக்குப் பின்னும் குடும்பத்துச் சட்டப் பத்திரங்களில் வில்லியம்ஸ், குரொம்வெல் என்ற இரு பெயர்களும் சேர்ந்தே வந்தன.

1599இல் ஹண்டிங்டனில் பிறந்த ஒலிவர், குடும்பத்தின் இளைய கிளையைச் சேர்ந்தவர், பெருஞ்செல்வம் இல்லாதவர். 1649 ஜனவரி 30ஆம் நாள் மன்னனின் தலை வீழ்ந்தது. அவ்வாண்டே அயர்லாந்தின் ட்ரொகெடாவில் அவரது படை நடத்திய படுகொலையை ஐரிஷ் மக்கள் இன்றும் மறக்கவில்லை. 1653இல் நாட்டின் 'காப்பாளர்' ஆனார். கண்ணொளி இழந்த கவிஞர் மில்ற்றன் அவரது அரசின் அயல்மொழிச் செயலாளராயிருந்தார். 1657இல் நாடாளுமன்றம் நீட்டிய முடியை ஒலிவர் மறுத்தார். மறு ஆண்டு இறந்தார். 1661இல், மீண்டு வந்த மன்னராட்சி அவர் உடலைத் தோண்டி எடுத்துத் தூக்கிலிட்டு, தலையை வெஸ்ற்மின்ஸ்ரர் மண்டபத்தின்மேல் கம்பத்தில் நட்டது. அத்தலை கேம்பிரிட்ஜ் கல்லூரியொன்றில் அடக்கமானது 1960இலேதான்.

மன்னனை உயர்த்த நாடாளுமன்றத்தைக் கருவியாக்கினார் முதலாமவர். அந்த நாடாளுமன்றத்தின் பெயரால் மன்னனையே வீழ்த்தினார் இரண்டாமவர். மன்னன் ஹென்றி மடங்களிடமிருந்து பறித்துக் கொடுத்த நிலத்தில் வேரூன்றிய குடும்பத்திலிருந்துதான், ஹென்றியின் சிம்மாசனத்தைச் சாய்த்தவர் வந்தார். ரிச்சட் அன்று அஞ்சி மாமன் பெயரைக் கைவிட்டிருந்தால், வரலாற்று நூல்களில் நாம் ஒலிவர் வில்லியம்ஸ் பற்றியே படித்திருப்போம்.