குமரி மாவட்ட வர்ம ஆசான்களும் மருத்துவப் பதிவுச் சட்டங்களும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வர்ம அடிக்கும் எலும்பு முறிவுக்கும் எண்ணெய் தடவி, கட்டுக் கட்டி மருத்துவம் செய்பவர்கள் ஆசான் என்று அழைக்கப்படுகிறார்கள். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் அடிமுறை கற்பித்தவரே அடிபட்டவருக்கு வைத்தியராகவும் இருந்தார். எங்கே அடித்தால் மயங்கி விழுவான் என்று அறிந்தவருக்கே எங்கே தொட்டால் எழுவான் என்பதும் தெரியும். அவ்வாறு தொட்டு எழுப்பும் இடங்களுக்கு அடங்கல் என்று பெயர். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்கள் என்பது மரபான கணக்கு.

இந்த மரபில் தொழில் செய்ய அனுமதி தருபவர் குரு. மாணவரைப் பல ஆண்டுகள் உடன் வைத்து, குணம் பார்த்த பிறகே படுவர்மங்களைச் சொல்லித் தருவார். அந்த அறிவு தகாதவர் கையில் கொலைக்கருவி ஆகிவிடும் என்ற அச்சமே காரணம். அது நியாயமான கட்டுப்பாடுதான். ஆனால் பாடத்திட்டமும் தேர்வும் சான்றிதழும் இல்லாத இந்த இரகசியக் கல்வியே பின்னாளில் சட்டத்தின் முன் ஆசான்மாருக்குத் தடையாயிற்று.

இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தபோது, 1953இல் அம்மாநில மருத்துவர்கள் சட்டம் இயற்றப்பட்டது. பதிவேட்டிலோ அரசுப் பட்டியலிலோ பெயர் இல்லாதவர் அலோபதி, ஹோமியோபதி, ஆயுர்வேதம், சித்தம், யுனானி எதையும் தொழிலாகச் செய்யக்கூடாது என்றது அதன் 38ஆம் பிரிவு. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119ஆம் பிரிவின்படி, மாற்றப்படும்வரை பழைய சட்டங்களே அங்கே செல்லுபடியாயின. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே மரபுதான். மாநிலம் மட்டும் இரண்டாயிற்று. முஞ்சிறையில் உள்ள சித்த மருத்துவக் கல்லூரி இன்றும் அகில திருவிதாங்கூர் சித்த வைத்திய சங்கத்தின் பெயரைத் தாங்கியிருப்பது அந்தப் பழைய எல்லையின் மிச்சம்.

பெரிய மாற்றம் 1970ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டத்தால் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரே இந்திய மருத்துவம் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பே பதிவேட்டில் இருந்தவர்களுக்கும், பதிவேடே இல்லாத மாநிலத்தில் ஐந்தாண்டு தொழில் செய்தவர்களுக்கும் 17ஆம் பிரிவு பாதுகாப்பு தந்தது. அந்தப் பாதுகாப்பு ஆளுக்குத்தான், பரம்பரைக்கு அல்ல. பதிவு பெற்ற ஆசானின் மகன், தந்தையிடம் இருபது ஆண்டு கற்றிருந்தாலும், முஞ்சிறையிலோ 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசுக் கல்லூரியிலோ பட்டம் பெறாவிட்டால் சட்டத்தின் கண்ணில் போலி மருத்துவர். கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டித் தொடுத்த வழக்கில், 2018 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020இல் புதிய ஆணையச் சட்டம் வந்தபோதும் பட்டமும் பதிவும் கட்டாயமாகவே இருந்தன.

ஜப்பான் 1947இலேயே மசாஜைத் தனித் தொழிலாகக் கொண்டு உரிமம் தரச் சட்டம் செய்தது. இந்தியாவில் மருத்துவ முறைகளுக்குத்தான் பதிவு. தடவுவதற்கென்று தேசிய அளவில் பதிவேடு இல்லை. ஆகவே ஆசானின் தடவு சித்த மருத்துவத்துக்குள் அடங்க வேண்டும், இல்லையேல் சுற்றுலா ஊர்களின் மசாஜ் நிலையங்களோடு சேர்த்து எண்ணப்படும். அந்த நிலையங்களைப் பற்றிய வழக்குகளின் கவலையே வேறு. அவற்றில் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று 2021 இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தனி நீதிபதி உத்தரவிட்டார். அது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்று 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். தடவுபவரின் கைத்திறன் எந்தத் தீர்ப்பிலும் பேசப்படவில்லை.

இந்தியத் தர மன்றம் நாட்டு வைத்தியர்களுக்குத் தன்னார்வச் சான்றிதழ் ஒன்றை வழங்குகிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுவதும் அதில் ஒரு பிரிவு. ஆசான் ஒருவர் தன் திறனை நேரில் செய்துகாட்டி அதைப் பெறலாம். மருத்துவப் பதிவேட்டில் இடம்பெற அது போதாது.