தோட்டாவும் பருப்பும்

2020 மார்ச்சில் கொவிட் பரவத் தொடங்கியதும் அமெரிக்கர் பலர் துப்பாக்கிக் கடைகளின் முன் வரிசையில் நின்றனர். துப்பாக்கி வாங்குவோருக்கான பின்னணிச் சோதனைகள் அம்மாதத்தில் மட்டும் 37 இலட்சத்தைத் தாண்டின. தோட்டாக்களுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. ஆகவே இங்கு அச்சம் பலசரக்குக் கடைப் பக்கம் திரும்பியது. மார்ச் 17ஆம் திகதி அரசு ஒரு கிலோ பருப்புக்கு 65 ரூபா, டின் மீனுக்கு 100 ரூபா என உச்ச விலை விதித்தது. 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்தது.

பதுளை, பசறை, ஹாலிஎல தோட்ட லயங்களின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி அப்போது அங்கு ஒருநாள் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக இருந்தது. அதுவும் வேலைக்குப் போன நாளுக்கே. அதைக்கொண்டு மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்க இயலுமா? பசியின் அச்சம் அம்மக்களுக்குப் புதிதன்று. 1973-74இல் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பலர் பட்டினியால் மடிந்தனர்.

நெருக்கடிக் காலத்தில் வாங்கிக் குவிப்பவர்களைப் பற்றியே நாம் எழுதுகிறோம். அஞ்சியும் வாங்க வழியற்றிருந்தவர்களின் வரலாறு எழுதப்படாமலே போகிறது.